தராசு நிற்கும் வரை

காலை ஒன்பது இருபதுக்கே
மண்டல மேலாளரின் குரல் பதிவு.
நாற்பத்தேழு வினாடி.
கல்லுக்கட்டி முக்கில் ஸ்கூட்டியை ஓரங்கட்டிக் கேட்டேன்:
இந்த மாதம் இன்னும் பதினெட்டு லட்சம்.
இரண்டு தெரு தாண்டியும்
ஹெல்மெட்டுக்குள் அவர்தான் பேசிக்கொண்டிருந்தார்.

செக்காலை ரோட்டில் எங்கள் கிளை.
யாருடைய வீட்டுக் கூடமோ,
ப்ளைவுட் அடைத்துப் பாதியில் நகைக்கடன்
பாதியில் பல் டாக்டர்.
யாரோ ஒருவரின் கடைவாய்ப்பல்
நாள்பூரா என் வலது காதில் துளைபடும்.

தங்கை சொன்னாளென்று ஒரு ஆப் இறக்கினேன்.
மெதுவாக இழுங்கள், மெதுவாக விடுங்கள்.
பாத்ரூமில் உட்கார்ந்து மூன்று நாள்
இழுத்தேன், விட்டேன்.
நான்காம் நாள்
தொடர்ந்து அமைதி பெற
மாதம் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது என்றது.
போனைக் கவிழ்த்து வைத்தேன்.
எனக்கும் வட்டி சொல்லத் தெரியும்.

சொல்ல வந்தது வேறு.

எங்கள் தராசு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.
மில்லிகிராமுக்கும் மரியாதை தருகிற தராசு.
ஆடி மாதத்திலிருந்து பெட்டிக் கதவு மூடவில்லை.
புகார் கொடுத்து எண் வாங்கியிருக்கிறோம்,
எண் பத்திரமாக இருக்கிறது.
ஆகவே ஒவ்வொரு நகைக்கும்
ஃபேனை நிறுத்த வேண்டும்.
இறக்கைகள் மனசில்லாமல் சுற்றி ஓயும்.
கடைசி இலக்கம் மட்டும் ஈயைப்போல
உட்கார இடம் தேடித் தேடி
ஒருவழியாக உட்காரும்.

ஒரு நாளைக்கு முப்பது தடவை.
அந்தப் பத்துப் பன்னிரண்டு வினாடிகளில்
நான் கணக்குப் போடுவேன்:
வேன் ஃபீஸ், அத்தையின் ஸ்கேன்,
ஏலத்துக்குப் போகும் பாக்கெட்டுகள்,
பதினெட்டு லட்சத்தை இருபத்தோரு நாளால் வகுத்தால்.

போன வியாழன்
பள்ளத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்த சவுரியம்மாள்
முந்தானை முடிச்சை அவிழ்த்து
ஒரு ஜோடித் தோட்டை வைத்தார்.
காதுத் துளையில் அதற்குள் வேப்பங்குச்சி.
"பையன் பாலிடெக்னிக் ஃபீஸு."

ஃபேனை நிறுத்தினேன்.
எண் அலைந்தது.
நிமிர்ந்து பார்த்தால் அந்தம்மா
கன்னம் உப்ப, கண் பிதுங்க நிற்கிறார்.
"மூச்சு விடுங்கம்மா."
மாட்டேன் என்று தலையாட்டினார்.
"விடுங்க, ஒண்ணும் ஆகாது."
புஸ்ஸென்று விட்டுவிட்டுக் கேட்டார்:
"விட்டா எடை குறைஞ்சிறாதே?"

சிரிக்க வாய் திறந்தபோதுதான் தெரிந்தது,
நானும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்,
கல்லுக்கட்டி முக்கிலிருந்து.

கல் கழித்து மூன்று கிராம் அறுநூற்று நாற்பது.
பணத்தை இரண்டு முறை எண்ணிவிட்டு அவர் சொன்னார்,
"ஃபேனப் போடு தாயி, வேர்க்குது."

அன்றே ஞானம் வந்துவிட்டது என்று எழுத மாட்டேன்.
மறுநாளே
ஒரு ஸ்டேப்ளர் பின்னுக்காகக்
கேஷியர் திருவேங்கடத்திடம் கத்தினேன்.
ஆனாலும் இப்போது ஃபேன் ஓயும்போது
கணக்கை ஒருபக்கம் வைத்துப் பார்க்கிறேன்.
தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் ஏறியிருக்கும்.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருக்கும்.
செருப்பைக் கழற்றினால்
ஆத்தங்குடிக் கல் குளிர்ச்சி,
அதில் கட்டைவிரல் அகல விரிசல் ஒன்று
இத்தனை வருடம் இங்கேதான் இருந்திருக்கிறது.
மூச்சு வெளியே போகிறது.
போகிறது என்று தெரிகிறது.
சில நாள் முப்பதில் நான்கு தடவை,
சில நாள் ஒன்றுகூட இல்லை.

இன்று மாலை
ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு
மறுபடி குரல் பதிவு. ஒரு நிமிடம் பத்து வினாடி.
ஃபேனை நிறுத்தினேன்.
தட்டில் எதுவும் வைக்கவில்லை.
இருந்தும் தராசு ஏதோ காட்டியது,
இரண்டு மில்லி, மூன்று, இரண்டு.
பல் டாக்டரும் எப்போதோ போயிருந்தார்.
தோளை இறக்கினேன்.
ஒன்று.
சைபர்.

பிறகு அந்தப் பச்சை முக்கோணத்தைத் தொட்டேன்.
பதினேழு லட்சத்து அறுபதாயிரம் என்றார்.
கணக்கு சரிதான்.