பழைய எண், புதிய எண்

கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு எண்கள்.
பழசு பதினேழு, புதுசு நாற்பத்திரண்டு.
கூரியர்காரர் இரண்டையும் நம்பாமல்
"டிரான்ஸ்பார்மர் பக்கத்துலயா?" என்பார்.

பருத்தியின் மரபணுக்களுக்கும் அப்படித்தான்.
ஓர் ஆய்வில் ஒரு பெயர், அடுத்ததில் வேறு வரிசை.
சோடியத்தை வெளியே தள்ளும் குடும்பம் ஒன்று,
மொத்தம் ஐம்பத்து மூன்று பேர்.
மூன்று வருடமாக அவர்களுக்குக்
கதவிலக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
கூட்ஸ் வண்டி போகும்போது மேசை அதிரும்.
திரையில் கிளைத்து நிற்கும் வம்சமரம் மட்டும்
அசையாது.

பாதிப் பேர் 'ஏ' வீட்டார். மீதி 'டி' வீட்டார்.
நடுவில் கடல் கிடக்க
அவரவர் கரையில் இருந்தவர்கள்.
பத்து இருபது லட்சம் வருடம் முன்பு
எந்த விதை எந்த அலையில் வந்ததோ,
சாட்சி சொல்ல ஆளில்லை.
வந்தது. முளைத்தது. மகரந்தம் மாறி விழுந்தது.
பதின்மூன்றும் பதின்மூன்றும்
மலடாகாமலிருக்க ஒருமுறை இரட்டித்து
ஒரே உட்கருவில் குடியேறின.
ஒரு அடுப்படி,
இரண்டு மாமியார்.

டி வீட்டுக்கு நூல் தெரியாது.
விதைமேல் பூனைமயிர்போல் கொஞ்சம், அவ்வளவுதான்.
ஆனால் நான் உடுத்தியிருக்கும் இந்தச் சுடிதாரின்
இழை நீளத்தில் அவர்கள் கையும் இருக்கிறது.
எப்போது கற்றார்கள் என்று கேட்டால்
என் கைடு கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்.

தெருமுனையில் ஒரே பெயர்ப்பலகை, மூன்று கடை.
அண்ணன் இன்னும் பஞ்சர் ஒட்டுகிறார்.
தம்பி அதே பெயரில் ஜெராக்ஸ் போட்டுவிட்டார்.
மூன்றாவது ஷட்டர் ஒன்பது வருடமாகத் திறக்கவில்லை,
துருவுக்குள் பெயர் மட்டும் தெரிகிறது.
மரபணுவில் அப்படி ஒன்றைப் பார்த்தால்
'போலி' என்று குறிப்போம்.
குறிக்கும்போது கை கொஞ்சம் கூசும்.

மொட்டைமாடியில் பன்னிரண்டு பெயிண்ட் வாளி.
ஆறுக்கு லாரித் தண்ணீர்,
ஆறுக்குக் கடல் ஏறிய போர் தண்ணீர்.
கீழ்வீட்டுக் குணபூஷணி படியில் நின்று கேட்டாள்:
"கொடத்த வச்சிக்கினு நாங்க காத்துக் கெடக்குறோம்,
நீ நல்ல தண்ணிய செடிக்கு ஊத்துற?"
பதில் இல்லை.
மறுநாள் அவளுக்காக ஒரு குடம் பிடித்து வைத்தேன்.
ஆய்வேட்டில் அதை எழுத ஒரு கட்டம் இல்லை.

மூன்றாம் நாள்
போர் தண்ணீர்ச் செடிகளின் இலையோரம் கருகியது.
வேர்நுனிகளை வெட்டிக் குப்பியில் போட்டு,
காசிமேட்டு ஐஸை உடைத்துக் கொட்டி,
மீன் தெர்மாக்கோல் பெட்டியோடு ரயிலேறினேன்.
"வஞ்சரமா?" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.
"வேரு."
"இன்னா வேரு?"
"பருத்தி."
நம்பாமல் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.
பெட்டி மேல் தப்பில்லை, அது வாசனையை மறக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது.
முப்பத்தொன்றாம் ஆள், டி வீடு,
எல்லாப் பட்டியலிலும் 'பணி தெரியவில்லை'.
போலி என்று நானே பென்சிலால் குறித்தவன்.
நல்ல தண்ணீரில் மூச்சுப்பேச்சில்லை.
உப்பில்
நாற்பது மடங்கு எழுந்திருக்கிறான்.
ஜோடியாய்ப் பிறந்த 'ஏ' வீட்டுக்காரன்
இரண்டு தண்ணீரிலும் ஒரே சம்பளத்துக்கு
உழைத்துக்கொண்டிருந்தான்.
ரப்பரைத் தேடினேன். கிடைக்கவில்லை.
விரலால் தேய்த்ததில் தாள் அழுக்கானது.

யாரிடமாவது சொல்ல வேண்டும்.
அம்மா போனை எடுக்கவில்லை.
குணபூஷணி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.
சொன்னேன்.
கிளிப்பைப் பல்லில் கடித்தபடி முழுசும் கேட்டாள்.
பிறகு எடுத்துவிட்டு,
"பத்து வருசமா அந்த போர் தண்ணிலதான் குளிக்கிறேன்.
எனக்குள்ள அவன் எந்த நம்பர்ல இருக்கான்?"

"டிரான்ஸ்பார்மர் பக்கத்துல" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.
கீழே லாரி ஹார்ன் கேட்டது.
ஈரப் புடவையை என் தோளில் போட்டுவிட்டு
இரண்டிரண்டு படியாக இறங்கினாள்.