கடைசி வரி

உத்தேனா நகரில், ஏரிக்கு இறங்கும் தெருவில்,
கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை.
நாளெல்லாம் எழுத்துகளைக் காட்டுவேன்,
பெரிதிலிருந்து சிறிதாய், சிறிதிலிருந்து பொடியாய்.
கடைசி வரிக்கு வந்ததும்
யாரும் படிப்பதில்லை,
ஊகிக்கிறார்கள்.
தெரியாத இடத்தைத் தெரிந்ததை வைத்து
நிரப்பிக்கொள்கிறது மனசு.
இருபத்திரண்டு வருடமாக இதைப் பார்க்கிறேன்,
பிறரிடம்.

ஜனவரி. மைனஸ் பத்தொன்பது.
நிலவறையில் விறகுக்கட்டி இன்னும் ஒன்பது நாளுக்குத்தான்.
வேலை முடிந்து வந்து, மேலங்கியைக்கூடக் கழற்றாமல்
போனில் சிலுமா கடையைத் தேடினேன்.
சிலுமா என்றால் எங்கள் மொழியில் கதகதப்பு.
வருடாவருடம் அங்கேதான் வாங்குகிறேன்.
முதலில் வந்ததைத் தொட்டேன்.
இம்முறை விலை முப்பது சதவீதம் குறைவு.
"நீங்கள் நடுங்குவது எங்களுக்குப் பொறுக்கவில்லை"
என்று மேலே எழுதியிருந்தது.
ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை
அப்போது நினைவுக்கு வரவில்லை.
விலை குறையும்போது
கதைகள் நினைவுக்கு வருவதில்லை.

ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடியது.
பதினான்கு நிமிடம். பதின்மூன்று.
இதே டன்னைப் பன்னிரண்டு பேர் பார்க்கிறார்களாம்.
பன்னிரண்டு பேரும் என் முதுகுக்குப் பின்னால் நின்று
மூச்சு விடுவது போலிருந்தது.
வங்கியிலிருந்து ரகசிய எண் வந்தது. ஆறு இலக்கம்.
மூன்றை அடித்துவிட்டேன்.

என்னைக் காப்பாற்றியது புத்தி இல்லை,
அதைச் சொல்லிவிட வேண்டும்.
குளிரிலிருந்து உள்ளே வந்த கண்ணாடியில்
ஆவி படிந்திருந்தது.
நான்காவது எண் தெரியாமல் கழற்றித் துடைத்தேன்.
மாட்டியதும் கண்ணில் பட்டது:
மேலே, முகவரியில்,
எம் இருக்க வேண்டிய இடத்தில்
ஆரும் என்னும் தோளோடு தோள் ஒட்டி நின்றன.
நடுவே மயிரிழை வெளிச்சம்.
சிலுர்னா.
அப்படி ஒரு சொல் எங்களிடம் இல்லை.

பிறகு எல்லாம் தெரிந்தது,
விளக்கைப் போட்டதும் கரப்பான்கள் தெரிவது போல.
பக்கத்தை மறுபடி திறந்தேன்,
கடிகாரம் பதினான்கிலிருந்து தொடங்கியது.
"அருமையான சேவை" என்ற மூன்று பெண்களுக்கும்
ஒரே முகம்.
இருபத்தைந்து ஆண்டு அனுபவமாம்.
அந்த முகவரி பதிவாகிப் பதினொரு நாள்.
பழைய ரசீதைத் தேடியெடுத்து
அதிலிருந்த எண்ணுக்கு அழைத்தேன்.
நிஜ சிலுமாவில் ஒரு பெண், களைத்த குரல்:
"இன்றைக்கு நீங்கள் ஏழாவது ஆள்.
நீங்களாவது கட்டுவதற்கு முன் கேட்டீர்களே."

அப்போதுதான் முற்றம் நினைவுக்கு வந்தது.

செவ்வாயிலிருந்து
கீழ்வீட்டு ரிம்விதாஸ் பனி அள்ளிக்கொண்டிருக்கிறார்.
நடக்கும் அகலத்துக்கு இல்லை.
லாரி வரும் அகலத்துக்கு.

படியிறங்கிப் போய் போனைக் காட்டினேன்.
வெகுநேரம் பார்த்தார்.
"என் பெயரைச் சரியாக எழுதியிருந்தார்கள்" என்றார்.
"நகராட்சிகூட ஓர் எழுத்தை விட்டுவிட்டுத்தான் எழுதும்."
வங்கிக்கு அழைத்தோம்.
பணம் போய் நான்கு நாளாயிற்று என்றார்கள்.
போலீஸில் ஓர் இளைஞன் எழுதிக்கொண்டான்.
எம் இல்லை, ஆர், பக்கத்தில் என் என்று
இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.
என் ஒன்பது நாளில் நாலரையை
வாளியில் அள்ளி அவர் கதவருகே வைத்தேன்.
மறுநாள் வாளி மட்டும் திரும்பி வந்தது, கழுவி.

அடுத்த வாரம் கடைக்கு வந்தார்.
கண்ணைச் சோதிக்க வேண்டும் என்றார்.
வலதை மூடி, பிறகு இடதை மூடி,
மேலிருந்து கீழே,
கடைசி வரியைக்கூட ஊகிக்காமல்
ஒவ்வோர் எழுத்தாக,
பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை எண்ணி இறக்குகிறவர் ஆயிற்றே,
அதே நிதானத்தோடு படித்தார்.
ஒன்றும் தவறவில்லை.

"கண்ணில் ஒரு குறையும் இல்லை" என்றேன்.

"அதற்குத்தான் பயந்தேன்" என்றார்,
தொப்பியை மாட்டிக்கொண்டு.