பொய்ப்பூட்டு

நேற்றிரவு மஞ்சக்குப்பத்தில்
மின்விசிறி நின்றபின்னும்
மடிக்கணினி ஓடிக்கொண்டிருந்தது.
பத்தாயிரம் பாக்கெட்டுகள்.
ஒவ்வொன்றும் நானே எழுதி, நானே அனுப்பி,
நானே இரைச்சல் தூவி
நானே வாங்கிக்கொண்டவை.

தாமதம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.
பதினேழாம் வரியில் வைத்ததே நான்தான்.
தெரியாதவள் போல
நிரலின் மறுபாதியிடம் கேட்கிறேன்:
எங்கே தொடங்குகிறது, கண்டுபிடி.

அது முந்தும். பிந்தும்.
நகரும் பேருந்தோடு ஓடிக்
கம்பியைப் பிடிக்கிறவனின் கால்கள்
வேகம் ஒத்துவரும் ஒரு கணத்துக்காக
எட்டிவைத்து எட்டிவைத்து,
ஏறிவிடும்.
திரையில் துள்ளிய கோடு படுத்துக்கொள்ளும்.

ஆனால்
நாலாயிரத்து முந்நூற்றுப் பதினொன்று
பூட்டிக்கொண்டது, சுத்தமாகத் தலைகீழாக.
ஒன்றெல்லாம் பூஜ்யம். பூஜ்யமெல்லாம் ஒன்று.
கோட்டில் ஒரு நடுக்கமில்லை.
பிசகியது பதறும் என்றுதான்
இதுவரை நம்பியிருந்தேன்.

காலை ஆறு பத்து, புதுச்சேரி வண்டி.
ஆல்பேட்டைப் பாலத்தில்
பெண்ணையாற்று மணல் மட்டும் குளிர்கிறது.
நெய்வேலியில் இந்நேரம்
இராப்பணி முடித்துக் கைகழுவுவான் தில்லைநாயகம்.

போன மாதம்
‘ஸ்கேனுக்கு நீ வரவேண்டாம்’ என்றேன்.
வரவில்லை.
அதற்குப்பின் ஒவ்வொரு சொல்லும்
பழுதில்லாமல் வந்துசேர்கிறது.
சாப்ட்டியா. சாப்ட்டேன்.
கேஸுக்குப் பணம் கட்டியாச்சு.
சரி. சரி.

திருத்தும் வழி பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது:
செய்திக்கு முன்னால்
இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்த
சில எழுத்துகளை அனுப்பு.
அவை புரண்டு வந்தால்
பின்னால் வரும் எல்லாவற்றையும் புரட்டு.
எத்தனை எழுத்து என்பதில்தான் சண்டை.
நீளமாக வைத்தால் நேரம் போகும்.
குட்டையாக வைத்தால்
இரைச்சலே அதுபோல் ஒலித்து ஏமாற்றும்.

முள்ளோடையில்
கடை திறக்காத இந்த நேரத்திலும்
நாலைந்து பேர் இறங்குகிறார்கள்.
கைப்பேசி ஒரு கோபுரத்தை விட்டு
இன்னொன்றைத் தேடும் இடம் இது.
சரியாக இங்கேதான் அழைப்பான்.

‘கேக்குதா?’
‘கேக்குது. உனக்கு?’
‘விட்டு விட்டு.’
‘இப்ப?’
‘இல்ல... ம், இப்ப கேக்குது. உனக்கு?’

கிருமாம்பாக்கம் வரைக்கும்
இதையே பேசிக்கொண்டிருந்தோம்.
வைக்கிறேன் என்று அவனும் சொல்லவில்லை.

மடியில் கணினி சுடுகிறது.
மற்றவற்றை அழித்துவிட்டேன்.
நாலாயிரத்து முந்நூற்றுப் பதினொன்றை
இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கவேண்டும்.