பின்னால் எடுப்பது

வலப்பக்கம் போக வேண்டுமா,
ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடி.
டிரெயிலர் வாங்கியதும் இதைத்தான் படித்தோம்,
கோலக்கெட்டிலில், மூடிப்போன கித்தா ஆலைக்கு முன்னால்,
பந்தாடும் பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சிரிக்க.
பவளேந்திரன் மூன்று முறை வேலியை இடித்தான்.
நான் ஒரே முறை, அதுவும் குப்பைத் தொட்டி.

சடாவோவில் கையுறைத் தொழிற்சாலை.
அவனுக்கு மெஷின் பராமரிப்பு, இரண்டு வருஷம்.
வீடு தருகிறோம், நாய் வளர்க்கலாம் என்று
தாய்க்காரி மேனேஜர் போனில் சிரித்தாள்.
பூனையைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஒரு மாதம் தாள்களாகவே போயிற்று.
மைலோவுக்கு ஊசி, கோப்பிக்கு ஊசி,
தோலுக்கடியில் அரிசியளவு சிப்பு.
மேடத்துக்கும் அதேதான், ஆனால் ரத்தம் வந்தது டாக்டர் கையில்.
வயிறு பெருத்திருக்கே என்றார்.
தீனி அதிகம் என்றோம்.
அலோர் ஸ்டாருக்கு ஐந்து தடவை.
உயிர்கள்: மூன்று என்று
பெரிய எழுத்தில் நிரப்பினேன்.
வரிசையில் நிற்பது எனக்குப் பழக்கம்.
பத்தொன்பது வயதுவரை
பிறப்புப் பத்திரம் இல்லாதவள் நான்.

புறப்பட்ட காலையில் மழை.
ஐஸ்பெட்டி, தையல் மெஷின்,
இரண்டு மெத்தைக்கு நடுவே சாமிப் படங்கள்.
நாய்கள் பின் சீட்டில், கூண்டு என் காலடியில்.
செவ்வந்தி அக்கா கடையில் பசியாறினோம்.
காசு வாங்க மாட்டேன் என்றவள்
நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள்,
அப்புறம் டிரெயிலரைப் பார்த்து
'ஐயோ, இன்னும் ரெண்டு' என்று உள்ளே ஓடினாள்.

செம்பனை முடிந்து நெல் தொடங்கியும்
மேடம் ஒரு தடவைகூடக் கத்தவில்லை.
அதுதான் சந்தேகம்.
ஜித்ரா தாண்டி, ஓரமாக நிறுத்திப் பார்த்தால்
என் பழைய பாஜு கூரோங்கின் மேல்
ஈரமாக மூன்று.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மணி நேரம் குறைவு.
பதினொன்று பத்துக்குப் பிறந்தவை
அங்கே பத்தே முக்காலுக்குள் நுழைந்துவிட்டால்
இன்னும் பிறக்கவே இல்லை,
தாளில் சேர்க்க வேண்டியதில்லை
என்று கணக்குச் சொன்னான் பவளேந்திரன்.
நான் சிரித்திருக்கக் கூடாது. தைரியம் வந்துவிட்டது அவனுக்கு.

புக்கிட் காயு ஹீத்தாம். லோரி, லோரி, லோரி.
சட்டையில் ஹபீஸ் என்று பெயர், இருபத்தைந்து வயதிருக்கும்.
தாளைப் பார்த்தான். கூண்டைப் பார்த்தான்.
விரல்விட்டு எண்ணி, மறுபடியும் எண்ணினான்.
'காக், தாளில் மூன்று. வண்டியில் ஆறு.
இதுகளுக்குப் பத்திரம்?'

அந்தக் கேள்வி எனக்குத் தெரியும்.
இதே மாதிரி ஒரு கண்ணாடியின் ஓட்டை வழியாக
அது வந்தபோதெல்லாம்
அம்மா பிளாஸ்டிக் பையை என் பக்கம் நகர்த்திவிட்டுத்
தரையைப் பார்த்திருக்கிறாள்.

'இப்போதுதான் பிறந்தது' என்றேன்.
'எங்கே?'
கையால் தெற்கைக் காட்டினேன்.
சாலை, சாலை, கொஞ்சம் புல்.

அவன் கெட்டவனில்லை.
கண் திறக்காத ஒன்றின் முதுகை
ஒற்றை விரலால் தடவிவிட்டுத்தான்
அந்த விரலை வட்டமாகச் சுழற்றினான்.
திரும்பு.

பின்னால் இருபது லோரி.
பவளேந்திரனுக்குக் கை நடுங்கிற்று, இறங்கிக்கொண்டான்.
நான் உட்கார்ந்தேன்.
ஹபீஸ் தொப்பியைக் கழற்றி ஆட்டி
'கீரி! கீரி!' என்று இடப்பக்கம் காட்டினான்.
நாய்கள் இரண்டும் கீரியைத் தேடிக் குரைத்தன.
இடப்பக்கம் போக வலப்பக்கம்.
வண்டிமாடு கழுத்தைத் திருப்புவதுபோல
டிரெயிலர், மெல்ல, எதையும் இடிக்காமல்.
ஒரு லோரிக்காரன் ஹாரன் அடித்தான்,
திட்டா பாராட்டா தெரியவில்லை.

திங்கட்கிழமை அவன் மட்டும் பஸ்ஸில் போனான்.
செவ்வந்தி அக்கா கடை வாசலில்
எலுமிச்சைத் தோல் காய்ந்து கிடக்கிறது.
புதுத் தாளில், உயிர்கள்: ஆறு.
பிறந்த இடத்துக்கு 'வழியில்' என்று எழுதி
அடித்துவிட்டு
கோலக்கெட்டில் என்றே எழுதினேன்.
இடம் பத்தவில்லை.
கடைசி இரண்டு எழுத்து
கட்டத்துக்கு வெளியே நிற்கிறது.