பதினோரு மில்லிமீட்டர்

காக்கி புக்கிட், நான்காவது மாடி.
சரிவுப்பாதையில் லாரி ஏறும்போதெல்லாம்
தரை லேசாக முனகும்.
அங்கேதான் வாங்கினேன்:
முன்பாதி ஸ்கூட்டர்,
பின்னால் யாரோ அவசரத்தில் சேர்த்த
இரண்டு சக்கரம்.
நாலாயிரத்து இருநூறு வெள்ளி,
உரிமைச் சான்றிதழில் மூன்று வருடம் பாக்கி,
கியர் கிடையாது. அதற்காகத்தான்.
"நல்லா ஓடும்" என்றார் தரகர் கோ.
ஓடியது.
இடப்பக்கமாகவே ஓடியது.

ஈசூன் வரை கைப்பிடியோடு மல்லுக்கட்டி
வீடு சேர்ந்தபோது
வலது தோள் என்னுடையதாக இல்லை.
இடது கால் ஏற்கெனவே இல்லை,
முழங்காலுக்குக் கீழே.
துவாஸ், ஃபோர்க்லிஃப்ட்,
அந்தக் கதை இங்கே வேண்டாம்.

ஞாயிறுகளில் ரொஸ்லியின் பட்டறையில்
ஒரு மூலையை வாடகைக்கு எடுத்தேன்.
பின்பக்கத் தகரத்தைக் கழற்றினால்
அடியில் கட்டில் குழாய்.
பொய்யில்லை,
வெள்ளைப் பூச்சு உரிந்த இடத்தில்
பூப்போட்ட ஸ்டிக்கர் பாதி இருந்தது.
வெல்டிங்கோ புறா எச்சம்.
சிவப்பு வயர் எர்த்துக்கு,
கறுப்பு வயர் பேட்டரிக்கு,
பச்சை வயர் எங்கும் போகவில்லை,
நுனியில் டேப் சுற்றி
சும்மா, பத்திரமாக.
பிரேக் குழாய் உரசி உரசி
ஒரு தாள் கனம்தான் மீதி.
இதில்தான் விரைவுச்சாலையில்
எழுபதில் வந்திருக்கிறேன்.
அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.
ரொஸ்லி தே சி ஒன்றை நீட்டினான்,
எதுவும் கேட்கவில்லை.

எந்த மடையன் கட்டினான் இதை?
எனக்கு மூன்று மொழியில் வசவு தெரியும்.
ஹொக்கியனில் தொடங்கி
தமிழில் முடித்தேன்.

பிறகு அளந்தேன்.
தூக்குக்குண்டு நாலு, சாக்கட்டி, நூல்.
முன் அச்சிலிருந்து பின்சக்கரம் வரை
வலது ஒரு நீளம்,
இடது அதைவிடப் பதினோரு மில்லிமீட்டர் குறைவு.
ஒரு நகத்தகலம்.
அதுதான் மூன்று வாரமாக
என் தோளைத் திருகியது.

வெட்டினோம். கட்டில் குழாய் குப்பைக்குப் போனது.
கப்பல் பட்டறையில் இரவு வேலை பார்க்கும் கியட்
தூக்கக் கண்ணோடு வந்து
புதுச் சட்டத்தை ஒட்டினான்,
காசுகளை அடுக்கிச் சாய்த்தது போலத் தையல்.
வரைபடம், பொறியாளர் கையெழுத்து,
ஆணையத்துக்கு விண்ணப்பம்.
வண்டியைவிடக் காகிதம்தான் கனம்.

கடைசியாக இருக்கை.
இடப்பக்கம் இரண்டு விரல் தூக்கி நின்றது.
இதுவும் கோணலா என்று மெத்தையைப் பிய்த்தேன்.
உள்ளே ஒரு ரப்பர் செருப்பு,
ஆணியடித்து, திணித்து.
மூலையில் எறிந்தேன்.
இருக்கையைச் சமமாக்கி ஏறி உட்கார்ந்தால்
இடது இடுப்பு பள்ளத்தில் இறங்குகிறது,
முதுகு வலிக்கிறது.

திரும்பப் போய் அதை எடுத்துப் பார்த்தேன்.
இடதுகால் செருப்பு.
குதிகால் தேயவே இல்லை.
அளவு எண் அழியாமல் பளிச்சென்று, ஒன்பது.

செருப்பை ஜோடியாகத்தான் விற்கிறார்கள்.
செயற்கைக்கால் எனக்கு ஒத்துவரவில்லை.
என் அலமாரியிலும் ஆறு இருக்கிறது,
எல்லாம் இடது,
எல்லாம் புதுசு.
தூக்கிப்போட மனம் வராததற்கு
மனைவி ஒரு பெயர் வைத்திருக்கிறாள்,
எழுத மாட்டேன்.

அதனால் அவனை மன்னித்தேனா?
இல்லை. பிரேக் குழாய் பிரேக் குழாய்தான்.
ஒரு கால் போனவன்
இன்னொரு காலையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டாமா?
ஆனாலும் அன்றிரவு
என் இடது ஷூ ஒன்றின் அடிப்பாகத்தை அறுத்து
அந்தச் செருப்பின் மேல் வைத்து
மெத்தையைத் தைத்தேன்.

சின் மிங்கில் முதல் தடவை
பின்விளக்குக்காகத் திருப்பியனுப்பினார்கள்.
இரண்டாம் தடவை
டார்ச்சோடு குனிந்த இளைஞர்
இருக்கையை அழுத்திப் பார்த்தார்.
"கோணலாக இருக்கிறதே?"
"நானும்தான்" என்றேன்.
சிரிக்கலாமா என்று யோசித்துவிட்டு
கட்டத்தில் டிக் போட்டார்.

இப்போது நேராகப் போகிறது.
கையை விட்டால்கூட, கொஞ்ச தூரம்.
பச்சை வயர் எதற்கென்று
இன்னும் தெரியவில்லை.
புது டேப் சுற்றி
அங்கேயே விட்டிருக்கிறேன்.