மூன்றாவது மணி

கொழும்பிலிருந்து வந்த பயிற்சியாளர்
திரையில் ஒரு தாமரையைப் போட்டு
"மூச்சைக் கவனியுங்கள்" என்றார்.
கரண்ட் போனது.
கந்தோரே சிரித்தது.
திருமலை மின்சார சபையின் கூட்ட மண்டபம் அது.

பிறகு ஐப்பசி.
கிண்ணியாவில் மூன்று கம்பம் சாய்ந்து கிடக்கிறது,
நிலாவெளி ஐஸ் அறையில் பாரை மீன் நாறத் தொடங்கிவிட்டது,
என் மேசையில் முறைப்பாட்டுத் தொலைபேசி.
முதல் மணிக்கே எடுப்பது பதினொரு வருடப் பழக்கம்.
எடுத்ததும் ஏச்சு.
வைத்ததும் தாடை கல்.

அன்றைக்கு உடனே எடுக்கவில்லை.
ஒரு மணி:
கதிரையின் கிழிந்த றெக்சின்
தொடையில் குத்துவது தெரிந்தது.
இரண்டு:
ரிஸ்மியாவின் பிளேன்ரீயில் இஞ்சி.
மூன்றாவதில்
மழைக்கு ஒதுங்கிய புள்ளிமான் ஒன்று
யாரோ வீசிய சிவப்பு பில்லை
வாசலில் நின்று நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

எடுத்தேன்.
"எத்தனை தரம் அடிக்கிறது, செத்துப் போனீங்களா?"
"இல்லை ஐயா, இருக்கிறேன்."
சொன்னது எனக்கே கேட்டது.

அவர் ஓயவில்லை.
சபையை, அரசாங்கத்தை, என் பிறப்பை
எல்லாம் ஏசினார்.
நடுவில் ஒரே ஒரு வசனம்,
பிள்ளைக்கு ஆவி பிடிக்கிற மெஷின் நின்றுபோச்சு என்று.
வேறு நாளென்றால் தவறவிட்டிருப்பேன்.
லைன்மேன் பகீரதனின் தாளில்
அந்த விலாசத்தை மேலே எழுதினேன்.

ஏச்சு குறையவில்லை.
தாடை சில நாள் கல்தான்.

மாத முடிவில் பியதிலக சேர் கேட்டிருந்தார்:
பதிலளிக்கும் நேரம் ஆறு வினாடி கூடியுள்ளது,
காரணம் தருக.
கட்டத்தில் மூச்சு என்று எழுதி,
வெட்டி,
மழை என்று போட்டேன்.