கப்பி

கோயில்வெண்ணி தாண்டி
சாலையில் பாதி களமாகிக் கிடந்தது.
காயும் நெல்லுக்கு அணைவைத்த கருங்கல்லைப்
பனி மறைத்திருக்க வேண்டும்.
டிவிஎஸ் ஏறி இறங்கியது.
நானும் இறங்கினேன், தலை முதலில்.

எலும்பு முறியவில்லை. ஸ்கேனில் ரத்தம் இல்லை.
மூன்றாம் நாள் கண் விழித்தால்
அமலோற்பவத்துக்கு இரண்டு முகம்.
ஒன்று நேராக,
மற்றது ஆணி கழன்ற படம்போல் சரிந்து.
இரண்டும் அழுதன.
எதைத் தேற்றுவது?

மூணாறு தலைப்பில் நான் லஸ்கர்.
வெண்ணாறு வந்து நின்று
கோரையாறும் பாமணியாறும் பிரிகிற இடம்.
ஒன்று மூன்றாவதைப் பதினேழு வருஷம் பார்த்தவன்
ஒன்று இரண்டானதற்குப் பயந்தேன்.

ஆனியில் தண்ணீர் வந்தது.
காலை ஆறுக்கு ஸ்கேல் பார்த்துப் போனில் சொல்லணும்,
இத்தனை அடி, இத்தனை புள்ளி என்று.
ஸ்கேல் இரண்டு நின்றது. சாய்ந்த ஸ்கேலின் காலடியில்
தண்ணீர் மேடேறிப் போனது.
குனியக் குனிய இன்னும் சாய்ந்தது.
மட்டம் என்ற சொல்லையே
யாரோ திருகிவிட்டிருந்தார்கள்.

வலது கண்ணை மறைத்தால் உலகம் ஒன்று.
மறைத்துக்கொண்டே ஷட்டர் திருகினேன்.
கடைமடையிலிருந்து டிராக்டரில் வந்தவர்கள் கேட்டார்கள்:
"ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பா லஸ்கரே?"
ரெண்டும் இல்லீங்க.
பஞ்சு. மருந்துக்கடையில பத்து ரூபா.

திருச்சியில் டாக்டர் நிலோஃபர்
இருட்டறையில் இரண்டு சிவப்புக் கோடு காட்டினார்.
ரெண்டும் ஒரே வாட்டத்துக்கு வர்ற வரைக்கும்
இந்தத் திருகைத் திருப்புங்க என்றார்.
திருகுவது எனக்குப் பழக்கம்தான்.
பதினொரு டிகிரி என்று எழுதிக்கொண்டார்.

கண்ணைச் சுழற்றுகிற தசை ஒன்று
மூக்கோரம் ஒரு கப்பிக்குள் புகுந்து
திரும்பி வருகிறதாம்.
கப்பியா?
எனக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது.
கிரீஸ் வைக்கணுமா டாக்டர் என்றேன். சிரித்தார்.
கப்பியும் நல்லாயிருக்கு, கயிறும் நல்லாயிருக்கு,
இழுன்னு சொல்ற நரம்புதான் சேதி கொண்டுவரலை.
அதுவும் விளங்கியது.
உத்தரவு வராமல் ஷட்டர் நின்ற வருஷங்கள்
எங்களுக்கும் உண்டு.

நரம்பு தானே தேறலாம், பொறுங்கள் என்றார்.
பொறுத்தேன்.
குறுவை கதிர் வாங்கியது, அறுத்தார்கள்,
அதே சாலையில் கொட்டிக் காயவைத்தார்கள்.
நான் பஸ்ஸில் போனேன்,
கழுத்தை இடப்பக்கம் ஒடித்துக்கொண்டு.
அப்படிச் சாய்த்தால் இரண்டு கம்பம்
ஏறக்குறைய ஒன்றாகும்.

புரட்டாசியில் அறுவை.
தசைநாரை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து
முன்பாதியை மட்டும் இழுத்துத் தைப்பார்கள்.
ஏன் பாதி?
முழுசையும் இழுத்தா கண்ணு கீழ போயிடும்.
எனக்குத் திருப்பம் மட்டும் போதும் என்றார்.
கதவை எத்தனை சுற்று திறப்பது என்று
இவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

கட்டவிழ்த்ததும் முதலில் பார்த்தது
டியூப்லைட்.
அழுக்கான ஒரு டியூப்லைட், உத்தரத்துக்கு இணையாக.
அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.
அமலோற்பவம் ஒரு முகத்தோடு வந்தாள்.
அது சிரிக்கவில்லை.
"மொதல்ல கழுத்தை நிமித்துங்க" என்று
தாடையைப் பிடித்து நேராக்கினாள்.
எட்டு மாசக் கோணல்,
தையல் போட்டவருக்கு அது தெரியாது.

ஐப்பசி மழையில் கலங்கல் தண்ணீர்.
ஸ்கேல் தனியாக நின்றது.
நாலு புள்ளி ஒண்ணு சார்.
"சரியாக் கேக்கலை. எத்தனை?"
ஒண்ணு சார். ஒண்ணேதான்.

மதகுப் படியில் கடைசிப் படி மட்டும்
குனிந்து பார்த்தால் இன்னும் இரண்டு.
அவ்வளவு இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்.
அதைக் கண்ணால் பார்ப்பதில்லை.
கட்டைவிரலால் தடவி
இருக்கிற படியில் இறங்குகிறேன்.